காணாமல் போன எட்டு லிட்டர்

மே 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. அவசியம் இருந்தாலொழிய எழுதாதே என்று மார்ச் மாதம் எழுதியிருந்தீர்கள். இது அவசியம் என்றுதான் நினைக்கிறேன். இல்லையென்று பட்டால் கிழித்துப் போட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்பாவின் பிக்அப் வண்டி வழியில் நின்றுவிடுகிறது.

அப்பா போன பிறகு இரண்டு மாதம் அதைப் போர்த்தியே வைத்திருந்தேன். சலவைத் துணிகளை வாடகை வண்டியில்தான் மருத்துவமனைக்கு அனுப்பினேன். அது கட்டுப்படியாகவில்லை. ஏப்ரல் கடைசியில் போர்வையை எடுத்துவிட்டு மறுபடியும் நானே ஓட்ட ஆரம்பித்தேன். அதிலிருந்து இரண்டு முறை நின்றுவிட்டது. இரண்டு முறையும் ஒரே மாதிரி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று இழுவை குறையும், இரண்டு விக்கல், அப்புறம் பேச்சு மூச்சு இல்லை. முதல் தடவை பாலத்து ஏற்றத்தில். பின்னால் வந்தவர்கள் அடித்த ஹாரனில் என் காதே அடைத்துப்போயிற்று.

பட்டறைக்காரரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்பா 'அவசரம்' என்று பெயர் வைத்தாரே, அவர்தான். கேனிலிருந்து ஐந்து லிட்டர் டீசலை ஊற்றி, குழாயில் இருந்த காற்றை எடுத்து, கிளப்பிக் கொடுத்தார். ஃபில்டரை மாற்றினார். மறுபடி நின்றது. டீசல் பம்பை மாற்றினார். இப்போது இன்ஜெக்டரையும் கழற்றுவோம் என்கிறார். உங்கள் மாப்பிள்ளை, எடைக்குப் போட்டுவிடு என்கிறார். மருத்துவமனை ஸ்டோர் அதிகாரி, இன்னொரு முறை அறுவைச் சிகிச்சை அறைக்கு விரிப்பு தாமதமானால் வேறு சலவைக்கூடத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு அடுத்து இந்த வண்டியின் வயிற்றைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். என்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புது ஊரில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

என்றும் அன்புடன்,
தங்கை


மே 11

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. வண்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய்; வண்டியைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு முன் இந்தக் கடிதப் போக்குவரத்தின் எல்லையை வரையறுத்துவிடுவது இருவருக்கும் நல்லது.

அப்பா இறந்த செய்தி பதினோரு நாள் கழித்து எனக்குக் கிடைத்தது. நீ தந்தி கொடுத்தது நான் ஐந்து மாதத்துக்கு முன்பே காலி செய்த பழைய குடியிருப்புக்கு. என் புது முகவரியைச் செப்டம்பரிலேயே அப்பாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். அவர் கையொப்பமிட்ட ஒப்புகை அட்டை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆக, முகவரி அந்த வீட்டில் இருந்தது. அதைத் தேடும் சிரமத்தை நீ எடுத்துக்கொள்ளவில்லை. 'எனக்குத் தெரியாது அண்ணா' என்று நீ எழுதிய ஒற்றை வரியை விளக்கமாக ஏற்க என்னால் இயலாது. ஒரு மனிதனுக்குத் தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் வாய்ப்பு ஒரு முறைதான் வரும். எனக்கு அது வராமல் போனது உன் கவனக்குறைவால். இதை நான் கோபத்தில் எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

எனவே, பழுது தீரும்வரை எழுதுகிறேன். தீர்ந்ததும் நமக்குள் கடிதமும் நின்றுவிடும்.

இனி வண்டி. உன் பட்டறைக்காரர் செய்வது வைத்தியம் அல்ல, சூதாட்டம். ஒரு பாகத்தை மாற்றிப் பார்த்து, சரியாகவில்லையென்றால் அடுத்ததை மாற்றுகிறார். டீசல் தொட்டியில் புறப்பட்டு எஞ்சினில் முடியும் ஒரு பாதை. பழுது எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது. தொட்டியிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை நிற்கும்போது எதையும் ஊற்றாதே, எதையும் தொடாதே. முதலில் தொட்டியின் மூடியைத் திற. 'உஸ்' என்று காற்றை உள்ளிழுக்கும் சத்தம் வந்தால், மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. தொட்டிக்குள் வெற்றிடம் ஏற்பட்டு டீசல் வர மறுக்கிறது. இரண்டாவது, பம்புக்கு முன்னால் ரப்பர் குழாயில் ஒரு சாண் வெட்டி, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டச் சொல். ஓடும்போது அதில் குமிழி தெரிந்தால் எங்கோ காற்று நுழைகிறது. மூன்றாவது, அளவுக் குச்சியை விட்டுப் பார். மீட்டர் முள்ளை நம்பாதே. நான் கல்லூரியில் படித்த காலத்திலேயே அது பாதியில் நின்றுவிட்டது.

மூன்றையும் எண்களோடு எழுது. 'கொஞ்சம்', 'நிறைய' என்பவை அளவுகள் அல்ல.

அப்பா வேலை செய்யும் கொட்டகையின் தகரத்தில், இரும்பை இறுக்கிப் பிடிக்கும் கிடுக்கிக்கு நேர் மேலே ஓர் ஓட்டை இருந்தது. மழைத் தண்ணீர் கிடுக்கி மேல் சொட்டும். அது அடைக்கப்பட்டதா என்று ஏனோ தோன்றியது. பதில் தேவையில்லை.

இப்படிக்கு,
உடன்பிறந்தவன்


மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஓட்டையை அப்பா அடைக்கவில்லை. அதற்குக் கீழே ஒரு பெயின்ட் டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டார். மழை வந்தால் இப்போதும் டொக் டொக்கென்று கேட்கும். பதில் தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள்; நான் பேனாவை எடுத்ததும் இதுதான் முதலில் வந்து விழுந்தது.

இனி எண்கள். பதினாறாம் தேதி காலை இருபது லிட்டர் போட்டேன். அதற்கு முன் தொட்டியைக் காலி செய்துவிட்டேன், நீங்கள் கேள்வி கேட்பீர்கள் என்று தெரியும். ஒரு நாளுக்கு அறுபது கிலோமீட்டர். லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று அப்பா எப்போதும் சொல்வார். இருபது லிட்டர் மூன்று நாளுக்குத் தாராளம். ஆனால் இரண்டாம் நாள், நூற்றுப் பதினெட்டாவது கிலோமீட்டரில், மருத்துவமனைக்கு இரண்டு தெரு முன்னால் நின்றுவிட்டது.

மூடியைத் திறந்தேன். உறிஞ்சுகிற சத்தம் இல்லை. பிளாஸ்டிக் குழாயில் அதுவரை ஒரு குமிழிகூடத் தெரியவில்லை. நிற்கும்போது மட்டும் ஒரேயடியாகக் காற்று வந்தது. குச்சியை விட்டேன். நுனியில்கூட ஈரம் இல்லை.

அண்ணா, தொட்டியில் டீசலே இல்லை.

அவசரம் வந்து குச்சியைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "டீசலே இல்லாத வண்டிக்கா எங்கிட்ட பம்ப் மாத்தச் சொன்னீங்க?" நானா சொன்னேன்? ஒவ்வொரு முறையும் காற்றெடுப்பதற்கென்று அவரே கேனிலிருந்து ஐந்து லிட்டர் ஊற்றிவிடுவதால் வண்டி கிளம்பிவிடும், தான் மாற்றிய சாமானால்தான் கிளம்பியது என்று அவரும் நம்புவார், நானும் நம்புவேன். முள் பாதியிலேயே நிற்கிறது. மூன்று நாளுக்கு இருபது என்று வருஷக்கணக்காகப் பழகிப்போன கை. யாருக்கும் குச்சியை விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்றைக்குப் பதினான்கு மூட்டையையும் கையில் சுமந்துதான் கொண்டுபோனோம். வழியில் வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு நர்ஸம்மா, கேட்காமலே ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

முகவரி விஷயத்தில் நான் எழுதியது உண்மை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பாவின் பெட்டி, அலமாரி, தலையணை உறை, எல்லாம் பார்த்துவிட்டேன். அந்தக் கடிதம் எங்கேயும் இல்லை.

அன்புடன்,
தங்கை


மே 27

தங்கைக்கு,

உன் எண்கள் தெளிவாக இருக்கின்றன. நூற்றுப் பதினெட்டுக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய பன்னிரண்டு லிட்டர் எரிந்திருக்க வேண்டும். போட்டது இருபது. எட்டு லிட்டரைக் காணவில்லை.

நான் இருபத்தெட்டு ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். திரவம் மாயமாகாது, இடம் மாறும். எந்த இடத்துக்கு என்பதுதான் கேள்வி.

யாரேனும் எடுக்கலாம். மூடியின் மேல் மெல்லிய தாளை ஒட்டி வை. காலையில் கிழிந்திருந்தால் தெரிந்துவிடும். அதிகமாக எரியலாம். அப்படியானால் கரும்புகை கக்கும். நீ ஓட்டும்போது மாப்பிள்ளையைப் பின்னால் வரச் சொல். ஒழுகலாம். கழித்துப்போட்ட வெள்ளை விரிப்பு உன்னிடம் ஏராளமாக இருக்கும். ஒன்றை இரவில் வண்டிக்கடியில் விரித்துவை. ஓடி வந்து நிறுத்தியவுடன் இன்னொன்றை விரி. டீசல் பட்ட இடம் தானே சொல்லும்.

நான்காவதாக ஒரு சாத்தியம் உண்டு. அதை நானே தள்ளிவிடுகிறேன். வண்டிக்கு இடப்பக்கம் இரண்டாவது தொட்டி ஒன்று இருப்பது உனக்குத் தெரியும். நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, நீண்ட தூர ஓட்டத்துக்காக நானும் அப்பாவும் சேர்ந்து பொருத்தியது. என் வரைபடம், அவர் கை. அந்தக் கோடை விடுமுறை முழுவதும் கொட்டகையில்தான் இருந்தோம். ஒரு வால்வு எந்தத் தொட்டியிலிருந்து டீசலை எடுப்பது என்று தீர்மானிக்கும். எஞ்சின் எரித்தது போக மிஞ்சிய டீசல் திரும்பி வரும். அது எந்தத் தொட்டிக்குப் போவது என்று இன்னொரு வால்வு தீர்மானிக்கும். இரண்டும் சேர்ந்தே திரும்ப வேண்டும். ஒன்று மட்டும் திரும்பினால் ஒரு தொட்டி காலியாகி மற்றது நிறையும். அதனால் இரண்டு கைப்பிடியையும் ஒரு தகட்டால் இணைத்து, இரும்புக் கம்பி ஒன்றைக் கோத்துப் பூட்டினேன். நீண்ட ஓட்டம் நின்றபின், பத்தாண்டுகளாக இரண்டும் வலப்பக்கமே பூட்டியிருக்கின்றன. நான் போட்ட பூட்டு தானாகத் திறக்காது. அந்தத் திசையில் நேரத்தை வீணாக்காதே.

தலையணை உறைவரை தேடியதாக எழுதியிருக்கிறாய். அப்பா இருந்தபோது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தேடவே வேண்டியிருந்திருக்காது. 'அண்ணன் எங்கே இருக்கிறான்' என்ற ஐந்து மாதக் கேள்வி அந்த வீட்டில் ஒருவருக்கும் எழவில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த தகவல்.

இப்படிக்கு,
உடன்பிறந்தவன்


ஜூன் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

தாள் கிழியவில்லை. புகை இல்லை, பின்னால் சைக்கிளில் வந்த உங்கள் மாப்பிள்ளைக்குத்தான் மூச்சு வாங்கியது, வண்டிக்கு இல்லை. இரவு விரித்த விரிப்பு காலையில் அப்படியே வெள்ளையாக இருந்தது. ஆனால் ஓடி வந்து நிறுத்தியதும் விரித்ததில் ஒரு தட்டு அளவுக்கு ஈரம். மோந்து பார்த்தேன், டீசல். வலப்பக்கம் இல்லை அண்ணா, இடப்பக்கம். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில்.

அந்தப் பக்கம் வேண்டாம் என்றீர்கள். இருந்தாலும் குனிந்து இரண்டு தொட்டியையும் முஷ்டியால் தட்டிப் பார்த்தேன். வலது தொட்டி மேல்பாதியில் டங்கென்றது. இடது தொட்டி அடியிலிருந்து நுனிவரை தொம் தொம்மென்று, நிறைந்த தண்ணீர் டிரம் மாதிரி. அதன் மூடி துருவேறிப் போயிருந்தது. அவசரத்தைக் கூப்பிட்டுத் திறக்கவைத்துக் குச்சியை விட்டேன். விளிம்புவரை டீசல். ஐம்பது லிட்டர் தொட்டி. பத்து வருஷமாகக் காலி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த தொட்டி.

இதை நான் மே முப்பதாம் தேதியே பார்த்துவிட்டேன். எழுதினால் நீங்கள் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதுவே உங்கள் கடைசிக் கடிதமாகிவிடும். அதனால் பதினைந்து நாள் மூன்று நாளுக்கு முப்பத்திரண்டு லிட்டராகப் போட்டுக்கொண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் டப்பாவைக் கட்டி ஒழுகுவதைப் பிடித்து மறுபடி ஊற்றிக்கொண்டு ஓட்டினேன். முட்டாள்தனம்தான். திட்டுவதாக இருந்தாலும் நீங்கள் எழுதுகிற கையெழுத்து அப்பாவுடையது மாதிரியே இருக்கிறது. 'ழ' போடும்போது கீழே இழுத்துவிடுகிறீர்களே, அதே இழுப்பு.

அண்ணன் எங்கே என்ற கேள்வி இந்த வீட்டில் எழவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தினமும் எழுந்தது. அப்பா வாயிலிருந்துதான் எழவில்லை. அவரிடம் கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை.

அன்புடன்,
தங்கை


ஜூன் 21

தங்கைக்கு,

நீ பதினைந்து நாள் செய்த காரியத்தைப் பற்றி என் கருத்தை எழுதினால் கடிதம் நீளும். ஒழுகும் டீசலை டப்பாவில் பிடித்துக்கொண்டு சூடான வண்டியை மருத்துவமனை வாசலில் நிறுத்தியிருக்கிறாய். போதும்.

பழுது தெரிந்துவிட்டது. நான் தள்ளிய அந்த நான்காவது சாத்தியமேதான். திரும்பும் வால்வை மட்டும் யாரோ இடப்பக்கம் திருப்பியிருக்கிறார்கள். எஞ்சின் வலது தொட்டியிலிருந்து குடிக்கிறது. மிச்சத்தை இடது தொட்டியில் துப்புகிறது. நீ போடும் இருபதில் எட்டு லிட்டர் இப்படித்தான் போயிற்று. இடது தொட்டி நிறைந்ததும் மூச்சுக் குழாய் வழியாக வழியத் தொடங்கியது.

இது தானாக நடக்காது. கோத்திருக்கும் கம்பியை உருவாமல் ஒரு வால்வை மட்டும் திருப்ப முடியாது. உருவ வேண்டுமென்றால் அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும். பட்டறைக்காரர் கைவைத்தாரா, மாப்பிள்ளை கைவைத்தாரா என்று நீ விசாரித்துக்கொள். யாராக இருந்தாலும், தெரியாத வேலையில் கைவைக்கும் துணிச்சலை நான் பாராட்ட முடியாது.

ஓட்டுநர் இருக்கையைத் தூக்கு. இரண்டு பித்தளைக் கைப்பிடி தெரியும். முன்னது வலப்பக்கம் பார்க்கும், பின்னது இடப்பக்கம் பார்க்கும். பின்னதையும் வலப்பக்கம் திருப்பு. கம்பி கீழே விழுந்து கிடக்கலாம், தேடு. சுண்டுவிரல் நீளம், எஃகு. ஒரு முனை தூண்டில் முள் போல வளைந்திருக்கும். அதைக் கிடுக்கியில் வைத்து வளைத்தது நான். மூன்று முறை உடைத்து நான்காவது முறை வந்தது. அப்பா அருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், உதவவில்லை. கடைசியில், "பேப்பர்ல நல்லாத்தான் வளைக்கிற" என்றார். அன்றிலிருந்துதான் எனக்குப் 'பேப்பர்' என்ற பெயர்.

கம்பியைக் கோத்துவிடு. இடது தொட்டி டீசலை வடித்துப் பயன்படுத்திக்கொள். வண்டி இனி நிற்காது.

நான் ஒப்புக்கொண்டது இத்துடன் நிறைவேறியது. நலமாக இரு.

இப்படிக்கு,
உடன்பிறந்தவன்


ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இரு என்று எழுதிவிட்டீர்கள். இது கடைசிக் கடிதம் என்று புரிந்தது. ஆனாலும் இதை நீங்கள் படித்தே ஆக வேண்டும். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

இருக்கையைத் தூக்கினேன். நீங்கள் எழுதியபடியே ஒன்று வலம், ஒன்று இடம். கம்பி அங்கே இல்லை. உங்கள் மாப்பிள்ளையைக் கேட்டேன். இருக்கையைத் தூக்க முடியும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம். அவசரம் சத்தியம் செய்தார். 'தூண்டில் முள் போல' என்ற வரியை மறுபடி படித்தேன்.

அப்பா போன அன்று மருத்துவமனையில் ஓர் உறை கொடுத்தார்கள், சட்டைப்பையில் இருந்தவை என்று. கண்ணாடி, சீப்பு, ஒரு சாவி, ஒரு வளைந்த கம்பி. சாவி ஏதோ பெட்டிச் சாவி, கம்பி ஏதோ கொட்டகைச் சாமான் என்று நினைத்துத் தையல் மெஷின் டிராயரில் போட்டுவைத்தேன். போய் எடுத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளம். ஒரு முனை வளைந்திருந்தது.

சாவியை வண்டியில் போட்டுப் பார்த்தேன். திரும்பியது.

அண்ணா, கண் மங்கியதால் ஆகஸ்ட்டில் டாக்டர் அவரை ஓட்டக் கூடாது என்றுவிட்டார். சாவியை நான்தான் வாங்கி என் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் எப்போதும்போல ஆகிவிட்டார், நானும் நம்பினேன். கொட்டகையில் உட்கார்ந்து ஏதோ அராவிக்கொண்டே இருந்தார். பொழுது போகிறதே என்று விட்டுவிட்டேன்; அராவியது இந்த மாற்றுச் சாவியைத்தான். நவம்பரிலிருந்து எப்போதாவது ஒரு முறை, "எஞ்சினுக்கு வயசாகுது, முப்பத்திரண்டா போடு" என்பார். மற்ற நாளெல்லாம் இருபது போதும் என்பார். நான் ஏன் என்று கேட்டதே இல்லை. அவர் போன பிறகு பழைய வழக்கப்படி இருபதுக்கே வந்துவிட்டேன். அதனால்தான் அவர் இருந்தவரை வண்டி நிற்கவில்லை, அப்புறம் நிற்க ஆரம்பித்தது.

எனக்குத் தெரியாமல், நான் ஓட்டும்போதே, என் டீசலை எடுத்து அந்தத் தொட்டியில் சேர்த்திருக்கிறார். பங்க்குக்குப் போனால் எனக்குச் செய்தி வந்துவிடும் என்று தெரியும். எப்பேர்ப்பட்ட ஆள் பாருங்கள். முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அப்புறம் ஒன்று நினைவுக்கு வந்தது. டிசம்பரில் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து நின்று, அண்ணன் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டார். உங்கள் பழைய ஊரை நினைத்து, முந்நூறு இருக்கும் என்றேன். அவர் சொன்னது இது:

"இல்ல. நானூத்திப் பத்து."

சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். வயசானவர், தூரம் மறந்துவிட்டது என்று நினைத்தேன். நேற்று உங்கள் உறையில் இருக்கும் ஊரை வைத்து விசாரித்தேன். நானூற்றுப் பத்து.

முகவரி அவரிடம் இருந்திருக்கிறது. என்னிடம் கொடுத்தால் எதற்கு என்று கேட்பேன், சொன்னால் தடுப்பேன். தடுத்துத்தான் இருப்பேன். அதனால் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு கடிதத்தை எங்கோ ஒளித்திருக்கிறார்.

இன்னும் ஒன்று. அவர் போன அன்று மதியம் மூன்று மணிக்குக் கொட்டகை ஸ்டூலில் சாய்ந்திருந்தார் என்று எழுதியிருந்தேன். ஒன்றை எழுதவில்லை, அப்போது அது பெரிதாகப் படவில்லை. காலில் ஷூ போட்டிருந்தார். வீட்டுக்குள் அவர் ஷூ போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சும்மா போட்டுப் பார்த்தாரோ, புறப்படத்தான் இருந்தாரோ, எனக்குத் தெரியாது. தொட்டி அன்றைக்கு முக்கால்தான் இருந்திருக்கும். மீதியை ஏப்ரலுக்கு அப்புறம் நான்தான் நிரப்பியிருக்கிறேன், தெரியாமலே.

வால்வை நான் திருப்பவில்லை. கம்பியைக் கோக்கவில்லை. வடிக்கச் சொன்னீர்கள், வடிக்கவும் இல்லை. வண்டியைப் போர்த்திவிட்டு வாடகை வண்டியில்தான் துணி அனுப்புகிறேன். அந்த டீசலை மருத்துவமனைக்குப் போகவும் வரவும் எரித்துத் தீர்க்க எனக்குக் கை வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

தங்கை


ஜூலை 9

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். கரும்பலகையில் ஒரு குழாயை வரைந்தேன். அதில் திரவம் போகும் திசையைக் காட்ட அம்புக்குறி போட வேண்டும். கை நின்றுவிட்டது. மாணவர்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டேன். என் பணிக்காலத்தில் இது முதல் முறை.

நீ என்னிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. நான்தான் உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். செப்டம்பரில் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் முகவரி மட்டும் இருந்ததாக நீ எண்ணியிருப்பாய். நானும் அப்படியே எண்ணிக்கொள்ளப் பழகிவிட்டேன். முகவரிக்குக் கீழே ஒரு வரி இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து இருங்கள் என்று சொன்னதற்கு அவர் என் பையை முற்றத்தில் வீசினாரே, அதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "அந்தப் படியை நான் இனி மிதிக்க மாட்டேன். என்னைப் பார்க்க வேண்டுமென்று தோன்றினால் நீங்களே வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள்."

கண் மங்கியது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவர் பதில் எழுதாததை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் பதிலை லிட்டர் லிட்டராகச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பிப்ரவரியிலிருந்து உன்மேல் சுமத்திய ஒவ்வொரு சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கவில்லை. மன்னித்துவிடு என்று எழுதும் தகுதியும் இப்போது இருப்பதாகத் தோன்றவில்லை. நேரில் வந்து நிற்கிறேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

பதினெட்டாம் தேதி காலைப் பேருந்தில் வருகிறேன். நிலையத்துக்கு யாரையும் அனுப்பாதே. அந்தப் படியில் நானாக ஏற வேண்டும்.

இடது தொட்டியின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கிறது. அதை அரைச் சுற்றுத் தளர்த்தி, அடியில் தேங்கிய தண்ணீரும் துருவும் மட்டும் போகும்வரை விடு. ஒரு டம்ளருக்கு மேல் வேண்டாம். புது ஃபில்டர் ஒன்று வாங்கி வை. அந்த டீசல் ஒரே ஒரு பயணத்துக்காகச் சேர்த்தது. நானூற்றுப் பத்துக் கிலோமீட்டருக்கு நாற்பத்தொரு லிட்டர். கையிருப்புக்கு ஐந்து என்று அப்பா எப்போதும் சேர்த்துக்கொள்வார். ஐம்பதுக்குள் அடங்கிவிடும். உன்னால் மருத்துவமனையில் இரண்டு நாள் சொல்லிவிட்டு வர முடியுமானால், நாம் இருவரும் அந்த வழியில் என் வீடுவரை ஓட்டிக்கொண்டு வருவோம். அவர் பார்த்திருக்க வேண்டிய சாலை எப்படியிருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். பாதி தூரம் நீ ஓட்டு. திரும்பும் வழிக்கு நான் நிரப்புகிறேன்.

அவசரத்திடம் சொல், பம்ப் மாற்றியதற்கு நான் திட்டப்போவதில்லை. நானும் உள்ளே பார்க்காமல்தான் மாற்றிக்கொண்டிருந்தேன்.

கொட்டகையின் பெயின்ட் டப்பாவை எடுக்காதே. மழை வந்தால் அதைக் கேட்க வேண்டும்.

அந்தக் கம்பியைக் கோத்துவிடாதே. டிராயரிலேயே இருக்கட்டும். நான் வளைத்தது, நானே கோக்கிறேன்.

உன் அண்ணன்,
பேப்பர்